நடப்பவருக்குக் கட்டம் இல்லை

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று மாவட்டத் தலைநகரின் மருத்துவர் சொன்னபோது, நான் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எத்தன மணிக்கு வரோணுமுங்க?" என்று மட்டும் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு அவரை இயந்திரத்தோடு இணைப்பார்கள். நான்கு மணி நேரம் இரத்தம் சுத்தம் செய்யப்படும். எட்டரைக்குள் ஆள் வராவிட்டால், வெளியே காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்தக் கட்டில் போகும். மருத்துவர் இதைச் சொல்லி முடித்ததும் என் நெஞ்சு சற்றுத் தணிந்தது. மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் சிற்றூரில் இரவு தங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படும் அரசுப் பேருந்து ஒன்று இருந்தது. எட்டுக்குக் கால் மணி இருக்கையில் அது எங்களை மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும்.

ஓராண்டுக்கு மேல் அந்தப் பேருந்தே அவருடைய உயிரைச் சுமந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அது இறங்கி முடிக்கும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு பதிகம் ஓதுவேன். வளைவுக்கு ஒரு பாட்டு. பதிகத்தின் முடிவில் வரும் கடைக்காப்புச் செய்யுள்களை விட்டுவிட்டு எண்ணினால், ஏழு பதிகம் நிறைவுறும்போது அடிவாரம் வந்திருக்கும். என் கணவர் பக்கத்தில் அமர்ந்து, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு உறங்குவார். சில நாள் நான் ஒரு பாட்டை விட்டுவிட்டால் கண் திறக்காமலேயே, "ஒண்ணத் தாண்டிட்ட" என்பார். அவருக்குப் பாடத் தெரியாது. ஐம்பதாண்டுகளாகக் கேட்கத் தெரியும்.

அந்தப் பேருந்து எப்படி நின்றுபோனது என்பதைச் சொல்ல வேண்டுமானால், அவர் நோயுறுவதற்கு முன் ஒருநாள் எங்கள் நிறுத்தத்தில் கண்டதிலிருந்து தொடங்க வேண்டும். நடுவயதுக்காரர் ஒருவர் குடையை நட்டு, நாற்காலி போட்டு, மடியில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். நான் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு பேருந்துக்கு நின்றிருந்தேன்.

"என்னங்க எழுதறீங்க?"

"வண்டி எண்ணறேனுங்கம்மா. ரோட்ட அகலம் பண்ணப் போறாங்க. ஒரு நாளைக்கு எத்தன வண்டி போவுதுன்னு கணக்கு வேணுமுங்க."

எட்டிப் பார்த்தேன். தாளில் வரிசையாகக் கட்டங்கள். கார், வேன், பஸ், லாரி, இருசக்கர வாகனம், சைக்கிள். கடைசிக் கட்டத்தில் மாட்டு வண்டி.

"மாட்டு வண்டியா? இந்த மலையில எந்தக் காலத்துலீங்க மாட்டு வண்டி ஏறுச்சு?"

"ஃபாரம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதானுங்களே."

"அப்ப நாங்க? வெடிஞ்சதுல இருந்து இந்த வழியா எத்தன பேரு தலச்சுமையோட நடந்து போயிட்டாங்க. அவங்கள எங்க எழுதுனீங்க?"

அவர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நடக்கறவங்களுக்குக் கட்டம் இல்லீங்கம்மா. வேணும்னா உங்கள மாட்டு வண்டியில போட்டுறட்டுங்களா?"

"போடு சாமி. எதுலயாச்சும் போட்டாச் சரி."

இருவரும் நன்றாகச் சிரித்தோம். அது விடுமுறை நாள். வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்குப் போகும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவர் பென்சில் ஓயாமல் கோடு போட்டது. நான் ஏறிய பேருந்தில் நிற்கவும் இடமில்லாமல் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். அதற்கும் அந்தத் தாளில் ஒரே ஒரு கோடு.

சாலை அகலமானது. வளைவுகளில் கண்ணாடி வைத்தார்கள், தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருந்த எங்கள் பேருந்து நிழற்குடையை இடித்தவர்கள் திரும்பக் கட்டவில்லை. அது மதிப்பீட்டில் இல்லை என்றார்கள். அந்த இடத்தில் கல் பரப்பி, கார் நிறுத்துமிடம் என்று பலகை நட்டார்கள். மலையில் புதிதாக விடுதி கட்டுகிறவர்கள் இத்தனை கார் நிறுத்த இடம் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும் என்று ஒரு விதி உண்டாம். அங்கே வேலைக்கு வரும் பெண்கள் பேருந்துக்கு எங்கே நிற்பார்கள் என்று கேட்கும் விதி எதுவும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. கார் வாங்கும் இளைஞர்களுக்கு மானியத்தோடு கடன் கிடைத்தது. எங்கள் ஊரிலேயே நான்கு பேர் வாங்கினார்கள். அவர்கள் பேருந்தில் ஏறுவதை விட்டார்கள். பிறகு ஒரு மாசி மாதத்தில் நடத்துநர் எங்களிடம் பயணச்சீட்டைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"அம்மா, அடுத்த மாசத்துல இருந்து இந்த ட்ரிப்பு இல்லீங்க. ஆள் கொறஞ்சுபோச்சாம். ரோடு நல்லா இருக்குது, எல்லாரும் சொந்த வண்டியில போறாங்கன்னு மேல எழுதிட்டாங்க."

"எல்லாரும்னா யாருங்க?" என்றார் என் கணவர், கண் திறக்காமல்.

அடுத்த பேருந்து செம்மேட்டில் ஒன்பது மணிக்கு. அங்கே போய்ச் சேரவே எட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதில் ஏறினால் நண்பகலில்தான் மருத்துவமனை. மலையிறங்கும் பழைய கால்பாதை ஒன்று உண்டு. பாடிப் பரவிய அடியவர் எல்லாம் அப்படிப்பட்ட பாதைகளில்தான் மலை ஏறினார்கள் என்று நான் நம்பி வந்திருக்கிறேன். காப்புக்காடு என்று சொல்லி வனத்துறை அதன் முகப்பில் முள்வேலி போட்டு ஆண்டுகள் ஆகின்றன. திறந்திருந்தாலும் பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்பவர் அதில் எப்படி இறங்குவார்?

மனு எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல், ஒரு பதிகத்துக்குரிய கவனத்தோடு எழுதினேன். குறைதீர்க்கும் நாளில் அதைப் படித்த அதிகாரி இளவயதுக்காரர், பண்பானவர். எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டினார்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா ஒரு பஸ் ஓடணும்னா ஆள் கணக்கு வேணும். உங்க ரோட்டுல வண்டிக் கணக்கு ஏறுது, பஸ்ஸுல ஆள் கணக்கு இறங்குது. நான் என்னங்க பண்றது?"

"மினி பஸ்ஸு விடலாமுங்களே?"

"பெர்மிட்டுக்கு அறிவிச்சோம். யாரும் கேக்கல."

"அப்ப ஊர்ல இருக்கற ஜீப்புல ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துப் போலாமுங்களா?"

"அது கூடவே கூடாதும்மா. பெர்மிட் இல்லாம ஆள் ஏத்துனா வண்டியப் பிடிச்சிருவாங்க." சற்று யோசித்தார். "உங்க சொந்தத்துல யாராவது கார் வாங்கறதா இருந்தாச் சொல்லுங்க. மானியக் கடன் இன்னும் இருக்குது. நானே எழுதித் தரேன்."

அவர் மனமார்ந்துதான் சொன்னார். என்னிடம் கொடுத்தனுப்பிய தாளில் ஒரு காரின் படம் இருந்தது, அதைச் சுற்றி ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாடகைக் கார் அமர்த்தினால் எங்கள் முதியோர் உதவித்தொகை முதல் வாரத்தைத் தாண்டாது. ஆகவே ஒரு மாதம், முந்தைய நாள் எங்கள் ஊர் வழியாக வரும் பிற்பகல் பேருந்தில் மலையிறங்கி மருத்துவமனைக்கு வெளியே ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் துணி விரித்துப் படுத்தோம். நான்காவது வாரம் அவர் கையில் ஊசி குத்திய இடம் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. இனி இப்படித் தூசியில் படுக்க வைத்தால் இந்தக் கை போய்விடும், கை போனால் இயந்திரத்தோடு இணைக்க வழியில்லை என்று மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் கடிந்துகொண்டது நியாயம்.

அப்போதுதான் என் கணவரின் தங்கை மகன் வந்தான். எங்கள் வீட்டை ஒட்டியது அவன் வீடு. தாயை இளமையில் இழந்தவன். என் இடுப்பில் வளர்ந்தவன். மிளகும் பலாவும் அடிவாரக் கடைக்கு இறக்க ஒரு பழைய ஜீப் வைத்திருந்தான். "செவ்வா, வெள்ளி நான் எறங்கறேனுங்க அத்தை. லோடு இருந்தாலும் இல்லாட்டியும் எறங்கறேன். மாமாவ முன்னால உக்கார வெச்சுக்கலாம்" என்றான்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிற வண்டியில் இடமிருக்கும்வரை, கை காட்டுகிற எவரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஏறுகிறவரும் வெறுங்கையோடு ஏறக் கூடாது. ஒரு சீப்பு மலைவாழையோ, ஒரு பிடி மிளகோ, எதுவும் இல்லையென்றால் நாலு எலுமிச்சையோ, வண்டியின் பின்புறம் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஈசன் முன் நிற்கப் போகிறவர் ஓர் இலையாவது பறித்துக்கொள்வதில்லையா, அதைப் போல. இதை யாரும் கேட்பதுமில்லை, வாங்கினேன் என்று சொல்வதுமில்லை. வைக்காமல் ஏறியவனைப் பற்றி மட்டும் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

ஆறு மாதம் அப்படிப் போய்வந்தோம். எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்போம். பலாப்பழ வியாபாரி ஒருவர் தவறாமல் வருவார், பெரிய உடம்பு. அவர் ஏறினால் ஜீப் ஒரு பக்கம் சாயும்.

"அண்ணா, பழத்த மட்டும் அனுப்புங்க. நீங்க நடந்து வாங்க" என்பான் மருமகன்.

"நான் எறங்கிட்டா உன் வண்டி காத்துல பறந்துரும்டா. கனம் நாந்தான்."

"மாமா, கேட்டீங்களா? டயரு தரையில நிக்கறதே இவராலதானாம்."

என் கணவர் சிரிப்பார். தண்ணீரை மிடறு மிடறாக அளந்து குடிக்க வேண்டிய நிலையில் இருந்த அவருக்கு அந்த ஜீப்பில்தான் உதடு காயாமல் இருந்ததுபோல எனக்குத் தோன்றும். சிரிப்புக்கு நடுவே என் பதிகமும் நடக்கும்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி வளைவு தாண்டிச் சமவெளி தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர், இரண்டு காவலர்கள். மருமகன் தாள்களைக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தன. ஆய்வாளர் உள்ளே குனிந்து எங்களை எண்ணினார். பிறகு, முன்னிருக்கையில் என் கணவரின் வீங்கிய முகத்தையும் கட்டுப்போட்ட கையையும் கண்டு, குரலைத் தணித்து என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க பெரியம்மா, வண்டிக்காரரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"எங்க ஊட்டுக்காரரு தங்கச்சி மகனுங்க."

"மத்தவங்க?"

"ஊர்க்காரங்கதானுங்க."

"காசு வாங்கறாருங்களா?"

"காசா? அந்தப் பழக்கமே இல்லீங்க."

அவர் குறிப்பேட்டை மூடினார். விட்டுவிட மனங்கொண்டிருந்தார் என்பதை இப்போது நினைத்தால் தெளிவாகத் தெரிகிறது. நிமிர்ந்தவர், சொல்லிவைப்பது போலச் சொன்னார்: "அப்ப எல்லாரும் சும்மாதான் ஏறி வாரீங்க."

அதை நான் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஏழு பேரை ஓசியில் ஏறுகிறவர்கள் என்று ஓர் அந்நியர் சாலையில் நின்று சொல்ல, நான் வாய் மூடியிருப்பதா? நாள்தோறும் மெய்யை வாழ்த்திப் பாடிய நாக்கு அடங்கவில்லை.

"சும்மா எப்படிங்க ஏறுவோம்? இன்னிக்கு நான் அரைப்படி மொளகு வெச்சிருக்கறேன், பின்னால பாருங்க. கைய வீசிட்டு ஏறுறவங்க இல்லீங்க நாங்க."

நான் தொடங்கியதும் மற்றவர்களும் விடவில்லை. "அந்தப் பெரிய பலா என்னுதுங்க" என்றார் வியாபாரி. "வாழ நான் வெச்சது, ரெண்டு சீப்பு" என்றாள் பின்னாலிருந்த பெண். ஒருவர், போன வாரம் தாம் வைத்த அன்னாசி எவ்வளவு பெரியது என்று கைகளை விரித்துக் காட்டினார். ஒவ்வொருவரும் தம் மானத்தை அந்த அதிகாரியின் முன் எடுத்து வைத்தோம்.

"அத்தை, போதும்" என்றான் மருமகன். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஆய்வாளர் வண்டியின் பின்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பெரியம்மா, இதுக்குப் பேருதானுங்க வாடக" என்றார். குறிப்பேட்டைத் திரும்பத் திறந்தார்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மூட்டைகளும் பழங்களும் நாங்களும் சாலையோரத்தில் நின்றோம். அடிவாரத்தில் மிளகு வாங்கும் பாய், கடையிலிருந்து நாற்காலி எடுத்துவந்து என் கணவரை உட்கார வைத்தார். தம் மகனை அனுப்பி ஆட்டோ பிடித்து வரச் செய்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "பொய் சொல்லச் சொல்லலீங்கம்மா. பேசாம இருக்கறதுக்கு என்ன கேடு?" என்றார். மருத்துவமனையை அடைந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அவருக்கும் ஒரு மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் யாரைக் குறை சொல்ல? வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, கிணற்றில் முழுகியவர் மேலே வந்து இழுப்பது போல மூச்சை இழுத்தார். அப்போது ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு முட்டிய பிறகு அழைத்தால் வருவதற்கு வழி உண்டு. முட்டாமல் இருக்கக் கொண்டுபோய் விடுவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. வளைவுகளில் நான் ஓதத் தொடங்கி, எந்தப் பாட்டில் இருக்கிறேன் என்பதை இழந்தேன். அவர் திருத்தவில்லை. எழுபது ஆண்டுகளாக நான் நாவில் சுமந்த சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், கடைசியில் "எடுத்துக்காதீங்க, எடுத்துக்காதீங்க" என்பது மட்டும் எஞ்சியது. அதையே அடிவாரம்வரை சொன்னேன்.

அவர் பிழைத்தார்; சில வாரம் மருத்துவமனையிலேயே வைத்திருந்து அனுப்பினார்கள். மருமகனுக்கு மூன்று வாரம் கழித்து ஜீப் கிடைத்தது. அபராதத்தோடு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்: தன் குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களைத் தவிர வேறு எவரையும் ஏற்றுவதில்லை, மீறினால் வண்டி திரும்பாது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மிளகும் பலாவும் அந்த வண்டியில் இறங்கினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். இதைக் கேட்ட மற்ற வண்டிக்காரர்களும் அஞ்சினார்கள். அதுவரை கை காட்டினால் நின்ற வண்டிகள் நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு போனார்கள். குண்டூர் நாட்டிலும் பக்கத்து ஆலத்தூர் நாட்டிலும் எவர் வண்டியிலும் எவரும் எதையும் வைப்பதில்லை இப்போது. பலாப்பழ வியாபாரி கடன் மனுவுக்கு அலைகிறார். அவரும் ஒரு கார் வாங்கப்போகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் கணவரும் நிழற்குடை இருந்த இடத்தில் நின்றோம். முதல்நாள் வந்து தங்கிவிட்டு விடியலில் மலையிறங்கும் சுற்றுலாக் கார்கள் வரத் தொடங்கியிருந்தன. கையை நீட்டினேன். வெள்ளைக் கார் ஒன்று நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்த பெண் என் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"அன்னாசி எவ்ளோ பாட்டி?"

"அன்னாசி இல்லீங்க கண்ணு. இவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

அவள் ஓட்டுகிறவரைப் பார்த்தாள். பின்னிருக்கையில் பைகளும் தலையணைகளும் மட்டும் இருந்தன. "வண்டியில இடமில்லைங்க பாட்டி, சாரி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததாகவே நினைக்கிறேன். ஏழு மணிவரை நின்றோம். பால் ஏற்றிய ஒரு வேன், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவருக்கு மட்டும் இடம் தந்தது. கணவரை ஏற்றிவிட்டு நான் செம்மேட்டுக்கு நடந்தேன். அவர் தனியே போய், தாமதமாகி, கடைசி நேரத்தில் யாரோ வராததால் கட்டில் கிடைத்ததாம்.

அன்று மாலை மருமகன் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றான். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மாமா பேர என் கார்டுல சேத்துட்டா என்னங்க அத்தை?" என்றான். "என் ஊட்டு ஆளுன்னு ஆயிட்டா எவனும் கேக்க முடியாது."

"என்னையத் தத்து எடுக்கறயாடா?" என்றார் என் கணவர். "இந்த வயசுல? அவிங்கவிங்க குழந்தைய எடுப்பாங்க. நீ கெழவன எடுக்கற."

"உங்கள யாரு மாமா கேட்டது? நான் அத்தைகிட்டப் பேசறேன்."

"அப்ப இவ?"

"ரெண்டு பேரு பேரையும் மாத்துனா ஊட்டக் காலி பண்ணிட்டீங்களான்னு கேப்பாங்களாம். உதவித்தொக நின்னு போகுமாம். ஒருத்தர மாத்தலாமாம்."

இ-சேவை மையத்துக்கு நான்தான் போனேன். அட்டை என் பெயரில் இருந்தது. கணினியில் இருந்த பெண் விவரங்களைப் பதிந்துகொண்டே வந்து நிறுத்தினாள். "பேரு நீக்கறதுக்குக் காரணம் கேக்குதுங்கம்மா. இறப்பு, திருமணம், வேறு அட்டைக்கு மாற்றம். எதுங்க?" மூன்றாவதைச் சொன்னேன். விரலை வைக்கச் சொன்னாள். மிளகு பறித்துத் தேய்ந்த என் ரேகையை அந்தக் கருவி மூன்று முறை மறுத்தது. நான்காம் முறை ஏற்றுக்கொண்டது.

நீக்கம் இரண்டே நாளில் முடிந்தது. சேர்ப்பு முடியவில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒருவர் பார்க்க வேண்டும், அதன் பிறகு ஒருவர் நேரில் விசாரிக்க வேண்டும். இன்றைய தேதியில் என் கணவர் எந்த வீட்டையும் சேர்ந்தவர் இல்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. திங்கள் மாலையே அவர் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, நான் ஒரு பாட்டை முழுவதும் ஓதி முடித்தும் அது நிரம்பவில்லை. நேற்று விடியலில் மருமகன் வீட்டுக்குப் போனேன். ஜீப்பில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையில் இருந்ததைக் கீழே வைத்தான்.

"அத்தை, பேரு இன்னும் ஏறலீங்க. நேத்துக்கூடப் போன்ல பாத்தேன்."

"இன்னிக்கு ஒரு நாளு, சாமி."

"என் கையெழுத்து அவங்ககிட்ட இருக்குதுங்க. வண்டி போனா நான் ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு என்னங்க பண்ணுவேன்? அத்தை, என்னையக் கேக்காதீங்க."

அவன் சொன்னது சரி. அது சரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே, அவன் மனைவியும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவன் காலில் விழுந்தேன்.

மூத்தவள் இளையவன் காலில் விழுவது எங்களிடையே சாபத்துக்கு நிகர். விழுந்தவளுக்கு ஒன்றுமில்லை, விழ வைத்தவன் தலையில் அது ஏறும். பிறந்தது முதல் ஈசன் திருவடி ஒன்றையே பாடியவள் நான். மனிதர் எவர் காலையும் தொட்டதில்லை. என் கைகள் பிடித்தவை, நான் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட கால்கள். அவன் பின்னால் துள்ளினான். "அய்யோ, எந்திரீங்க அத்தை! எம் பிள்ளைங்க மேல ஏத்திட்டீங்களே! எந்திரீங்க!" என்று அலறினான். நான் எழவில்லை. அவன் வருகிறேன் என்று சொல்லும்வரை எழவில்லை.

எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனான். கடைசி வளைவில் அன்று யாரும் நிற்கவில்லை. எட்டுக்கு முன்னால் சேர்ந்தோம், கட்டில் கிடைத்தது. திரும்பி வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "அத்தை, இன்னொருக்கா அப்படிப் பண்ணிராதீங்க" என்றான். கெஞ்சலாகச் சொன்னான். அவன் மனைவி சின்னவளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் பரிகாரம் கேட்கப் போயிருப்பதாகப் பிறகு அறிந்தேன்.

இன்று புதன். காலையிலிருந்து இரண்டு முறை இ-சேவை மையத்துப் பெண்ணிடம் போய் நிலையைக் கேட்டுவிட்டேன். பரிசீலனையில் உள்ளது என்று திரையில் இருப்பதைப் படித்துக் காட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. என் கணவர் உள்ளே படுத்திருக்கிறார். நேற்று சுத்தம் செய்ததால் முகம் வற்றித் தெளிவாக இருக்கிறது. பாடச் சொல்கிறார். நான் தொடங்கும்போது முதல் அடியிலேயே நாக்கு நின்றுவிடுகிறது. அந்தச் சொற்களை எல்லாம் நேற்று அவன் காலடியில் செலவழித்துவிட்டேன் என்று தோன்றுகிறது. அவனிடம் இனிப் போக முடியாது. போனால் அவன் வருவான். அது எனக்குத் தெரியும். அதனாலேயே போகக் கூடாது என்று ஒரு முறையும், போகாமல் எப்படி இருப்பேன் என்று ஒரு முறையும் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.